ஐயம் தீரும் வரை: புரோஸ்டேட் நோயறிதலில் தாழ்த்தத் தக்கதும் தகாததும்

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பெருமான் ஒரு வேறுபாட்டை வகுத்துக் காட்டுகின்றார். காலந் தாழ்த்துச் செய்ய வேண்டிய வினைகளும் உள. தாழ்த்தாது செய்ய வேண்டிய வினைகளும் உள. முன்னவற்றில் தாழ்த்தலே முறை, பின்னவற்றில் தாழ்த்தல் ஆகாது என்பது அவர் கருத்து. அங்கே அவர் ஆளும் வினைச்சொல் 'தூங்குதல்' என்பதாகும். இன்று நாம் அச்சொல்லுக்கு உறங்குதல் என்னும் ஒரு பொருளையே பெரிதும் கொள்கிறோம். பழந்தமிழில் தொங்குதல், அசைதல், காலந் தாழ்த்தல் எனப் பல பொருள்கள் அதற்கு உண்டு. வகுப்பில் இக்குறளை நடத்திய ஆசிரியர்கள் பலர் இச்சொல்லிலே சிறிது நின்று விளக்கியிருப்பர்.

அமைச்சர்க்கென வகுத்த இயலில் வந்த இவ்வேறுபாடு, நம் காலத்து ஆடவர் பலருக்கு நேரும் ஓர் இடர்ப்பாட்டில் பெரிதும் துணை செய்கின்றது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குச் சிறுநீர் கழிப்பதில் தொல்லை தோன்றுகிறது. அல்லது தொல்லை யாதுமின்றியே உடற்பரிசோதனையின்போது குருதி எடுத்துப் பார்க்கின்றனர். ஓர் எண் மிகுந்து காணப்படுகிறது. 'புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மேலும் பார்க்க வேண்டும்' என்கிறார் மருத்துவர். அன்று தொடங்கி, உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்லப்படும் நாள் வரை வாரங்களும், சில வேளை மாதங்களும் கழிந்து விடுகின்றன. நோயைக் காட்டிலும் இந்த இடைக்காலமே தம்மை வாட்டியது என்று கூறுவோர் உளர்.

அந்த இடைக்காலத்தில் எந்தத் தாமதத்தைப் பொறுக்கலாம், எதனைப் பொறுத்தல் ஆகாது, பொறுக்கும் நாளில் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுரப்பியின் இருப்பும் இயல்பும்

புரோஸ்டேட் என்பது ஆடவர் உடலில் உள்ள ஒரு சிறு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே, சிறுநீர் வெளிவரும் குழாயைச் சுற்றி, விரலைச் சுற்றிய மோதிரம் போல் அமைந்துள்ளது. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ளது. அக்ரூட் கொட்டையின் அளவினது. விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் தொழில். 'முன்னே நிற்பவர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதன் ஆங்கிலப் பெயர் பிறந்தது. தமிழில் முன்னிற்குஞ் சுரப்பி என்று பெயரிட்டோரும் அப்பொருளையே தழுவினர். நம் ஊர் மருத்துவமனைகளில் புரோஸ்டேட் என்றே வழங்குவதால் நாமும் அச்சொல்லையே ஆளுவோம்.

இச்சுரப்பிக்கு வரும் கேடுகள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, வயது முதிர முதிர அது பெருத்தல். இது புற்றுநோய் அன்று. மற்றொன்று, கிருமியாலோ பிற காரணத்தாலோ உண்டாகும் அழற்சி. மூன்றாவதே புற்றுநோய். பெருத்தல் என்பது சிறுநீர்க் குழாயை ஒட்டிய உட்பகுதியில் நிகழ்கிறது. ஆதலின் குழாய் நெருக்குண்டு, நீர்த்தாரை மெலிதல், தொடங்கச் சுணங்குதல், இரவில் பலமுறை எழுதல் ஆகிய தொல்லைகள் தோன்றுகின்றன. புற்றுநோயோ பெரும்பாலும் மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில் தொடங்குகிறது. தொடக்கத்தில் அது குழாயை நெருக்குவதில்லை. எனவே எந்தத் தொல்லையும் தருவதில்லை.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். சிறுநீர்த் தொல்லை உள்ளவர்க்கெல்லாம் புற்றுநோய் உண்டு என்று அஞ்ச வேண்டுவதில்லை. தொல்லை இல்லாதவர்க்குப் புற்றுநோய் இல்லை என்று துணியவும் இயலாது. ஐயம் தீர்வதற்குக் காலம் பிடிப்பதன் முதற் காரணம் இதுவே. உடல் தானாக விடை சொல்வதில்லை; சோதனைகளால் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

குருதிச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

முதலில் செய்யப்படுவது பி.எஸ்.ஏ. என்னும் சோதனை. பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரப்பி இயல்பாகவே உண்டாக்கும் ஒரு புரதம். அதில் மிகச் சிறு பகுதி குருதியிலும் கலக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அதனை அளப்பர். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவே ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கும் எண்ணாக வந்து நிற்கிறது.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1986-ஆம் ஆண்டு இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தபோது, நோய் உறுதியாகி மருத்துவம் பெறுவோரின் நிலையைக் கண்காணிக்கவே அளித்தது. நோயைக் கண்டறியத் துணையாகக் கொள்ளலாம் என்னும் ஒப்புதல் 1994-இல்தான் வந்தது. இவ்வரலாற்றை அறிந்தால் இச்சோதனையின் வரம்பும் விளங்கும்.

4 என்னும் எண்ணை நெடுங்காலம் எல்லையாகக் கொண்டனர். இன்று வயதுக்கேற்ப வேறு எல்லைகளும் கொள்ளப்படுகின்றன. எண் மிகுந்தவர்களுள் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சுரப்பி பெருத்தாலும், சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றினாலும், சிறுநீர் அடைத்துக் குழாய் செருகப்பட்டாலும் எண் உயரும். மறுபுறம், 4-க்கு உட்பட்ட எண்ணுடைய 2,950 ஆடவர்க்குத் திசுச் சோதனை செய்து 2004-இல் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், அவர்களுள் நூற்றுக்குப் பதினைவருக்குப் புற்றுநோய் காணப்பட்டது. ஆகவே அவ்வெண் தீர்ப்பு ஆகாது. மேலும் விசாரிக்கத் தூண்டும் ஒரு குறிப்பே ஆகும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. சுரப்பி பெருத்தலுக்குத் தரப்படும் ஃபினஸ்டரைடு, டியூட்டஸ்டரைடு என்னும் மருந்துகள் பி.எஸ்.ஏ. எண்ணை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஃபினஸ்டரைடு முடி உதிர்வதற்கும் தரப்படுகிறது. அம்மருந்தை உண்பவர் அதனை மருத்துவரிடம் கூறாவிடில், 6 என்னும் எண் 3 என்று தோன்றி, வேண்டிய விசாரணை நின்றுவிடக் கூடும். யாரும் அறியாமலே நேரும் தாமதம் இது.

தாமதத்தின் நான்கு வகை

நோயறிதலில் நேரும் தாமதத்தை நால்வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, நாணத்தாலும் அச்சத்தாலும் வருவது. 'இரவில் நான்கு முறை எழுவது முதுமையின் இயல்புதானே' என்று பலர் அமைதி கொள்வர். மருத்துவர் ஆசனவாய் வழியே விரல் செலுத்திச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை எண்ணிக் கூசுவர். அச்சோதனைக்கு ஒரு நிமிடமும் ஆவதில்லை. மனைவியிடமும் சொல்லார், மக்களிடமும் சொல்லார். தமக்கு முன்னே தம் தந்தையோ தமையனோ இந்நோயுற்றிருந்தால் தமக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகும் என்பதையும் அறியார். மருத்துவமனை வரிசையில் கழிவது வாரங்கள். இந்நாணத்தில் கழிவதோ ஆண்டுகள். இத்தாமதம் முற்றும் நம் கையில் உள்ளது. ஆதலின் இதனைப் பொறுத்தற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, மருத்துவ முறை கருதி வேண்டுமென்றே கொள்ளப்படும் தாமதம். சிறுநீர்த் தொற்று இருந்தால் மருந்து கொடுத்து, ஏறத்தாழ ஆறு வாரம் சென்ற பின்னரே பி.எஸ்.ஏ.யை அளக்க வேண்டும் என்பர். சோதனைக்கு முந்திய இரண்டு நாள்களில் புணர்ச்சியையும் கடும் உடற்பயிற்சியையும் தவிர்க்கச் சொல்வர். ஒருமுறை உயர்ந்த எண் மறுமுறை தாழ்ந்து வருதலும் உண்டாதலால், சில வாரம் கழித்து மீண்டும் பார்ப்பர். 'இப்போதே திசு எடுத்துப் பார்க்காமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?' என்று நோயாளி வெதும்புகிறார். ஆனால் இக்காத்தல் அவரை வேண்டாத ஊசியினின்று காக்கவே செய்யப்படுகிறது.

முன்னாளில் எண் உயர்ந்தவுடன் நேரே திசுச் சோதனைக்கு அனுப்புவதே வழக்கம். சுரப்பியில் எவ்விடத்தில் கேடு உள்ளது என்று அறியாமலே பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி செலுத்தித் திசு எடுப்பர். பிரிட்டனில் 576 ஆடவரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளிவந்த புரோமிஸ் ஆய்வு, முதலில் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படம் எடுத்தால் நூற்றுக்கு 27 பேர் திசுச் சோதனையையே தவிர்க்கலாம் என்று காட்டிற்று. அடுத்த ஆண்டே, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வீரு காசிவிசுவநாதன் முதலானோர் 500 ஆடவரைக் கொண்ட பிரெசிஷன் ஆய்வை வெளியிட்டனர். படம் பார்த்து, ஐயமுள்ள இடத்தில் மட்டும் திசு எடுத்த குழுவில் நூற்றுக்கு 38 பேருக்கு மருத்துவம் வேண்டும் அளவிலான புற்றுநோய் கண்டறியப்பட்டது; பழைய முறைக் குழுவில் 26 பேருக்கே கண்டறியப்பட்டது. ஆகவே, படத்திற்காகக் காத்திருக்கும் காலம் வீண்காலம் அன்று. அது தேடுவோரின் கண்ணைக் கூர்மையாக்கும் காலம்.

படம் எடுப்பதற்கு முன்னரே திசுச் சோதனை செய்துவிட்டாலோ, சுரப்பியில் தங்கிய குருதிக்கசிவு படத்தைக் குழப்பும். அது வடியச் சில வாரம் பொறுக்க வேண்டியிருக்கும். எடுத்த திசுவும் உடனே பேசுவதில்லை. அதனைப் பதப்படுத்தி, மெல்லிய தாளினும் மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து நோய்க்குறியியல் அறிஞர் படிக்க வேண்டும். அமெரிக்கரான டொனால்டு கிளீசன் 1966-இல் வகுத்த முறையைத் தழுவி, உயிரணுக்களின் அமைப்பு எவ்வளவு குலைந்துள்ளது என்று அவர் தரம் இடுவார். ஐயமான இடங்களில் வேறு சாயமிட்டு மீண்டும் பார்ப்பார். உடன் பணியாற்றும் மற்றொருவரின் கருத்தையும் கேட்பார். இதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை. விரைந்து இட்ட மதிப்பெண்ணைவிட நின்று பார்த்து இட்ட மதிப்பெண்ணே மாணவனுக்கு நியாயம் செய்யும்.

மூன்றாவது, வரிசையால் வரும் தாமதம். சிங்கப்பூரில் அரசாங்க உதவிக் கட்டணத்தில் சிறப்பு மருத்துவரைக் காண விழைவோர் பெரும்பாலும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு செல்கின்றனர். மலேசியாவில் அரசாங்க கிளினிக்கிலிருந்து, சிறுநீர்ப்பாதை மருத்துவப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு வரிசை உண்டு. மருத்துவர் சிலர், படக்கருவி சில, நோயாளிகளோ பலர். 2020-இல் கோவிட் பெருந்தொற்று வந்து, மலேசியாவில் மார்ச் 18 முதலும் சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதலும் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டபோது, அவசரமல்லாத சோதனைகள் பல தள்ளி வைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை.

வரிசைத் தாமதம் நோயாளியின் குற்றம் அன்று. எதிரே அமர்ந்திருக்கும் தாதியின் குற்றமும் அன்று. எனினும் அதனை ஓரளவு குறைக்க வழியுண்டு. வரிசை என்பது வந்த முறையில் மட்டும் நகர்வதன்று. கடிதத்தில் கண்ட அவசரத்தைப் பார்த்தும் நகர்வது. எனவே பரிந்துரைக் கடிதத்தில் பி.எஸ்.ஏ. எண்கள் அவற்றின் நாள்களோடு உள்ளனவா, விரற்சோதனையில் கண்டது எழுதப்பட்டுள்ளதா, குடும்பத்தில் இந்நோய் இருந்த செய்தி உள்ளதா என்று கேட்டறிதல் நலம். 'யாரேனும் வர இயலாமற் போனால் அவ்விடத்தில் என்னை அழையுங்கள்' என்று சொல்லி வைக்கலாம். வேறு மருத்துவமனையில் முன்னதாக இடம் உண்டா என்று வினவலாம். பணிவாகக் கேட்பதில் இழிவு ஏதும் இல்லை.

நான்காவது, மறதியால் வரும் தாமதம். மற்ற மூன்றினும் அஞ்சத்தக்கது இதுவே. கடிதம் எங்கோ தங்கிவிடுகிறது. தொலைபேசி எண் மாறியிருக்கிறது. முடிவு வந்தும் யாரும் அழைக்கவில்லை. நோயாளியோ 'கெட்ட செய்தியானால் கூப்பிட்டிருப்பார்கள். கூப்பிடாததால் நல்ல செய்திதான்' என்று இருந்து விடுகிறார். செய்தி வராமை நல்ல செய்தி என்பது மருத்துவத்தில் ஏற்கத்தக்க கொள்கை அன்று. வரிசையில் நிற்பவர் என்றேனும் வாயிலை அடைவார். வரிசையிலேயே இல்லாதவர் எவ்வளவு பொறுத்தாலும் அடையார். தாம் வரிசையில் உள்ளோமா என்பதை உறுதி செய்வதே காத்திருப்போரின் முதற் கடமை என்க.

இந்நோயின் நடை

நிற்க. இத்தனை வாரம் கழிவதற்குள் நோய் முற்றி விடாதோ என்னும் அச்சமே காத்திருப்போரை உண்மையில் அலைக்கழிப்பது. இதற்கு விடை கூறும் பேராய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. புரோடெக்ட் என்பது அதன் பெயர். 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயது வரையுள்ள 82,429 ஆடவர்க்கு பி.எஸ்.ஏ. சோதனை செய்தனர். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் உறுதியானவர்களுள் இசைந்த 1,643 பேரை மூன்று குழுவாகப் பகுத்தனர். ஒரு குழுவுக்கு அறுவை. ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சு. ஒரு குழுவை மருத்துவம் செய்யாமல் கண்காணித்து மட்டும் வந்தனர்.

பதினைந்து ஆண்டுத் தொடர்ச்சிக்குப் பின் 2023-இல் முடிவு வெளிவந்தது. 1,643 பேரில் பல காரணங்களால் இறந்தவர் 356 பேர். அவர்களுள் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர் 45 பேர் மட்டுமே. கண்காணிக்கப்பட்ட குழுவில் 17, அறுவைக் குழுவில் 12, கதிர்வீச்சுக் குழுவில் 16 என அவ்வெண்கள் ஏறத்தாழ ஒத்தே நின்றன. சுரப்பிக்குள் அடங்கிய நிலையில் கண்டறியப்படும் இந்நோய், பெரும்பாலோரிடம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் இயல்பினது என்பது இதனால் விளங்கும். ஆண்டுகளில் நடக்கும் நோய்க்குச் சில வாரம் பெரிய இடைவெளி அன்று. நள்ளிரவில் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மனத்தில் பதித்துக்கொள்ளத் தக்க செய்தி இது.

ஆயினும் இச்செய்தியைச் சோம்பலுக்குச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. அதே ஆய்வில், நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியவர் கண்காணிப்புக் குழுவில் நூற்றுக்கு 9.4 பேர், அறுவைக் குழுவில் 4.7 பேர், கதிர்வீச்சுக் குழுவில் 5 பேர். காலப்போக்கில் கண்காணிப்புக் குழுவினருள் நூற்றுக்கு 61 பேர் அறுவையோ கதிர்வீச்சோ பெற நேர்ந்தது. மேலும், அவர்கள் நோய் இன்னதென்று அறியப்பட்டு, இடையறாது பார்க்கப்பட்டவர்கள். ஒருமுறையும் பார்க்கப்படாதவர் அவர்களோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்ள இயலாது. விரைந்து பரவும் வகையும் இந்நோயில் உண்டு. அது யாருக்கு உள்ளது என்பது சோதித்த பின்னரே தெரியும். வாரங்களைப் பொறுக்கலாம், ஆண்டுகளைப் பொறுத்தல் ஆகாது என்பதே இவ்வாய்வினின்று நாம் கொள்ளத்தக்க பாடம்.

காத்திருக்கக் கூடாத குறிகள்

சில குறிகள் தோன்றினால் குறித்த நாள் வரட்டும் என்று பொறுக்கலாகாது. சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொள்ளுதல், கால்கள் திடீரென வலுவிழத்தல் அல்லது மரத்துப் போதல், மலமும் சிறுநீரும் தம் கட்டுப்பாட்டில் இல்லாமற் போதல், நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இவற்றுள் கால் வலுவிழத்தல் முதுகுத் தண்டு நெருக்குண்டதன் அடையாளமாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்கும் பெரிது. திசுச் சோதனை செய்த பின் வரும் காய்ச்சலை எளிய காய்ச்சல் என்று எண்ணி மாத்திரை விழுங்கிப் படுத்தல் தவறு; குருதியில் கிருமி கலந்ததன் குறியாக அது இருக்கக் கூடும்.

சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி குருதி கலத்தல், ஓய்விலும் இரவிலும் நீங்காத முதுகெலும்பு அல்லது இடுப்பெலும்பு வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன தோன்றினால், குறித்த நாளுக்குக் காத்திராது மருத்துவரை அழைத்துச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொன்னால் வரிசையில் நம் இடம் மாறும், மாறுவதும் முறையே.

காத்திருக்கும் நாளில் செய்யத்தக்கன

முதலில் ஒரு குறிப்பேடு வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சிறு ஏடே போதும். எந்த நாளில் எந்தச் சோதனை, எண் என்ன, யார் பார்த்தார், அடுத்து என்ன, அது எப்போது என்று ஐந்து செய்திகளை ஒவ்வொரு முறையும் எழுதி வருக. உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பக்கத்தில் எழுதுக. குருதியை இளக்கும் மருந்து, சர்க்கரை நோய் மருந்து, நாட்டு மருந்து, கடையில் வாங்கிய சத்து மாத்திரை எதையும் விடற்க. குருதி இளக்கும் மருந்தைத் திசுச் சோதனைக்கு முன் நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தாமாக நிறுத்துதல் கூடாது.

இரண்டாவது, அடுத்த நாள் குறிக்கப்படாமல் மருத்துவமனையை விட்டு வரலாகாது. 'முடிவு எப்போது வரும்? யார் அறிவிப்பார்? அந்நாளில் வராவிட்டால் நான் எந்த எண்ணை அழைப்பது?' என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு, விடையை ஏட்டில் எழுதிக்கொண்டே வருக. குறித்த நாள் கடந்து மூன்று நாள் ஆகியும் செய்தி இல்லையேல் தாமே அழைத்துக் கேட்க. முன்னர்க் கூறிய நான்காம் வகைத் தாமதத்திற்கு இதுவே மருந்து.

மூன்றாவது, தனியே செல்லற்க. அச்சத்தில் இருப்பவர் காதில் பாதிச் சொல்லே விழும். மனைவியோ மகனோ மகளோ நண்பரோ உடன் இருந்தால் மறுபாதியை அவர் கேட்பார். மொழி தடையானால் தமிழ் அறிந்த தாதியோ பணியாளரோ உண்டா என்று கேட்கலாம். புரியாமல் தலையசைத்து வருதல் மற்றொரு தாமதத்திற்கு வித்து.

நான்காவது, எண்களைத் தனியே படித்து மனம் குலைதல் கூடாது. சோதனை முடிவுகளை மருத்துவரைக் காணுமுன்னரே கைப்பேசியில் பார்க்கும் வசதி இன்று பலர்க்குக் கிட்டியுள்ளது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 1 முதல் 5 வரை ஐயத்தின் அளவைக் குறிக்கும் எண் ஒன்று வரும். 3 என்பது இரண்டுங்கெட்டான் நிலை. 4, 5 என்பன ஐயம் மிகுந்தது என்று பொருள்படும். அவ்வெண்ணை நோயின் முற்றிய நிலை என்று தவறாகக் கொண்டு கலங்கியோர் உண்டு. ஐயத்தின் அளவு வேறு. நோயின் அளவு வேறு.

ஐந்தாவது, உடலையும் மனத்தையும் நாளாந்த ஒழுங்கில் வைத்திருத்தல். மாலை நடை, அளவான உணவு, வழக்கமான படிப்பு, கோயில் அல்லது சங்கப் பணி, பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லுதல் இவை நின்று போகலாகா. கவலை இரவில்தான் பெருகும். ஆதலின் நோயைப் பற்றிப் பேசவும் படிக்கவும் பகலில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, இருட்டிய பின் அதனைத் தொடாதிருத்தல் பலர்க்குப் பயன்படும். உறக்கமும் உணவும் பல நாள் கெட்டால் அதனையும் மருத்துவரிடம் சொல்லலாம். அதற்கும் மருத்துவம் உண்டு. பி.எஸ்.ஏ. எண்ணைக் குறைப்பதாக விளம்பரப்படுத்தும் மருந்துகளை நாடுதல் மட்டும் வேண்டா. எண் குறைவதால் நோய் குறைந்ததாகாது. விசாரணையே திசை மாறும்.

இல்லத்தார்க்கும் ஆசிரியர்க்கும்

வீட்டில் ஒருவர் இவ்வாறு காத்திருக்கும்போது 'ஒன்றும் இருக்காது, கவலைப்படாதே' என்று சொல்லி வாயடைத்தல் அன்புபோல் தோன்றினும் அவரைத் தனிமைப்படுத்தும். 'அடுத்த சோதனை எப்போது? நானும் வருகிறேன்' என்று சொல்லுதல் அவர் சுமையில் பாதியை இறக்கும். தந்தையின் நோயை மக்களுக்கு மறைத்தலும் நலம் பயவாது. பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுவில் மாற்றம் உள்ள குடும்பங்களில் இந்நோயும் பெண்மக்களின் மார்புப் புற்றுநோயும் ஒருங்கே வருதல் உண்டு. தந்தையின் செய்தி மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் காவலாகலாம்.

ஆசிரியப் பெருமக்கள் இதில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உடலின் ஒரு பகுதியைப் பெயர் சொல்லிப் பேசக் கூசும் சமுதாயத்தில் அப்பகுதியின் நோயும் மறைந்தே வளரும். சிறுநீர்ப்பை, சுரப்பி, விந்து என்னும் சொற்களை அறிவியல் பாடத்தில் நகைப்பின்றிச் சொல்லக் கேட்ட மாணவன், நாற்பது ஆண்டு கழித்து மருத்துவர் முன் அமரும்போது நாணாமல் வாய் திறப்பான். முதல்வகைத் தாமதம் வகுப்பறையிலேயே குறையத் தொடங்கும்.

'காத்திருத்தல்' என்னும் நம் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் 'காத்தல்' இருக்கின்றது. காவலன் வாயிலில் நிற்பதும் ஒருவகைக் காத்திருத்தலே; அவன் உறங்குவதில்லை, ஓடுவதுமில்லை. மருத்துவம் கருதிய தாமதத்தை அமைதியோடு பொறுப்போம். வரிசைத் தாமதத்தைப் பணிவோடு வினவிக் குறைப்போம். நாணத்தையும் மறதியையும் ஒரு நாளும் பொறோம். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுள் யாரேனும் ஒரு கடிதத்தையோ, ஒரு முடிவையோ, ஓர் அழைப்பையோ நெடுநாளாக எதிர்பார்த்திருப்பின், இன்றே தொலைபேசியை எடுத்துக் கேட்பாராக.